நெவென்காவின் கல்யாணப் படத்துக்குப் போட்ட பூட்டு

செர்பியாவின் சோம்போர் ஊரில் கூமிடம் முடியாது என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தவன் கிடையாது. கூம் என்றால் உங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன், பிள்ளைக்குப் பெயர் வைத்தவன். கூடப் பிறந்தவனோடுகூட முறைத்துக்கொள்ளலாம், கூமோடு கூடாது. ஆகவே கூமான விதோமிர் ஒரு பென் டிரைவோடு வந்து, பந்தாட்டத்தை ஓசியில் பார்க்க ஒரு புரோகிராம் கிடைத்திருக்கிறது என்றபோது, ரதிவோய் மறுபேச்சில்லாமல் எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தன் நாற்காலியைக் கொடுத்தான். கண்ணை மட்டும் திரையிலிருந்து எடுக்கவில்லை.

எப்படி எடுப்பான்? கல்யாணப் படம் எடுத்துத்தான் அவன் பிழைப்பு. கடைசியாக எடுத்தது விதோமிரின் ஒரே மகள் நெவென்காவின் கல்யாணம். கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாகிவிட்டது. பேக்கப் டிஸ்க் செத்துப்போயிருந்தது, புதியது வாங்க இவனுக்குச் சோம்பல். அந்தக் கல்யாணம் இந்தக் கம்ப்யூட்டரைத் தவிர வேறெங்கும் இல்லை. அடுத்த ஞாயிறு படத்தை வாங்கிக்கொண்டு நெவென்கா புருஷனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறாள்.

அடுக்களையில் மனைவி ஸ்மில்யானா காபி வைத்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்.

"எங்கிருந்தோ எதையோ இறக்கிட்டு வந்திருக்கான். எப்படி வேண்டாம்னு சொல்றது?" என்று அவளிடம் போய் முணுமுணுத்தான் ரதிவோய்.

"நீ எதுக்குச் சொல்லணும்? மெஷினே சொல்லும். நேத்தே போட்டு வெச்சுட்டேன். கல்யாண ஃபோல்டர்ல கை வைக்கிற உரிமை நீ படம் வெட்டுற புரோகிராமுக்கு மட்டும்தான். வேற எது வந்தாலும் வெளிய நிக்க வேண்டியதுதான்."

"இவன் புரோகிராம்?"

"அது பந்தாட்டம் காட்டட்டும். அதுக்கு மேல என்ன வேலை?"

ரதிவோய்க்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ரக்கியாச் சாராய பாட்டிலோடு கூமின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"கல்யாணத்துல நான் அழுதேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறியாமே," என்றான் விதோமிர்.

"அழலையா?"

"கண்ணுல வெயில் அடிச்சுது."

"வீட்டுக்குள்ளயா?"

ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் திரையின் மூலையில் ஒரு கட்டம் எழும்பியது. விதோமிர் அதை உரக்கப் படித்தான்: கல்யாண ஃபோல்டரை மாற்ற அனுமதி இல்லை. அவன் முகம் சுருங்கிவிட்டது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்தான்.

"என் பொண்ணு கல்யாணம். எனக்கே அனுமதி இல்ல. திருடன்கிட்ட இருந்து பூட்டுற மாதிரி பூட்டி வெச்சிருக்கீங்க. நல்லா இருங்க."

ரதிவோய் பதறி எழுந்தான். ஒரு படத்தைக் காக்கப்போய்க் கூமையே இழந்தோமா என்று பயந்தான். ஸ்மில்யானா காபித் தட்டோடு வந்தவள், நிலைமையை ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டாள்.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க, கூமே," என்று தான் கடிதம் எழுதும் புரோகிராமைத் திறந்தாள். ஒரு வெற்றுப் பக்கத்தை அதே ஃபோல்டரில் வைக்கப் பார்த்தாள். அதே கட்டம், அதே மறுப்பு.

"இது எங்க வீட்டுக் கம்ப்யூட்டர், பூட்டினதும் நான். இந்தப் புரோகிராமோட வந்தா எனக்கும் அனுமதி இல்ல. எங்க கடையில விஷ மருந்து அலமாரியும் இப்படித்தான். முதலாளின்னு பாக்காது."

விதோமிர் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"சரி," என்றாள் அவள் மெதுவாக, "நீங்க ஆட்டம்தானே பாத்துட்டிருந்தீங்க. பந்தாட்டம் காட்ற புரோகிராமுக்குக் கல்யாண ஃபோல்டர்ல என்ன வேலை?"

மூவரும் திரையைப் பார்த்தார்கள். ஸ்மில்யானா பக்கத்து ஃபோல்டரைத் திறந்தாள். கடற்கரைப் படங்களுக்கெல்லாம் வாயில் நுழையாத புதுப் பெயர்கள், ஒன்றும் திறக்கவில்லை. அடுத்ததில் ரதிவோயின் பாட்டுகளுக்கும் அதே கதி. பந்தாட்டம் காட்டிக்கொண்டே அந்த ஓசிப் புரோகிராம் கைக்கெட்டியதையெல்லாம் கெடுத்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து மின்கம்பியைப் பிடுங்கி எறிந்தாள். விதோமிர் முகத்தில் ஈயாடவில்லை.

தெரிந்தவர்களை வைத்து மெஷினைச் சுத்தம் செய்து முடிக்க வியாழன் ஆகிவிட்டது. பன்னிரண்டு வருஷக் கடற்கரை போயிற்று, பாட்டுகள் போயின. கல்யாண ஃபோல்டரில் ஒரு நொடிகூடக் குறையவில்லை. ரதிவோய் மனைவியை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான். ஒருவரையும் நோகடிக்காமல், கதவை அடித்துச் சாத்தாமல், உள்ளே விட வேண்டியதை மட்டும் விடுகிற சாமர்த்தியம் அவனுக்கு ஏழு ஜன்மத்திலும் வராது. அதை அவளிடம் சொல்லியும் விட்டான்.

"முதல்ல டிஸ்க் வாங்கு," என்றாள்.

அன்று சாயங்காலம் விதோமிரை உட்காரவைத்துப் படத்தை ஓட்டினார்கள். வீட்டு நடையில் மகளின் கையை மாப்பிள்ளையிடம் கொடுக்கிறான். கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பித் தோள் குலுங்கக் குலுங்க அழுகிறான். நெவென்கா ஓடிவந்து பின்னாலிருந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள்.

"வெயில் ரொம்பத்தான் அடிச்சிருக்கு, கூமே. வெட்டிடவா?" என்றான் ரதிவோய்.

விதோமிர் கண்ணைத் துடைக்கவில்லை, மறைக்கவும் இல்லை.

"கை வெச்சே, பல்லு எகிறிடும்," என்றான். பிறகு ஸ்மில்யானா பக்கம் திரும்பினான். "இத என் வீட்டுக் கம்ப்யூட்டர்லயும் வெச்சு, அதே பூட்டைப் போட்டுக் குடு. சாவி மட்டும் என்கிட்ட குடுக்காத."