விளைமீனின் வயிறு

ஏழு நைமிரிஸ் மிளகாயை விதையோடு அரைத்த விழுதைப் பர்ஸானா முழு விளைமீனின் வயிற்றுக்குள் திணித்து நூலால் கட்டினாள். மொட்டைமாடிக் கரிப்புகையை வெள்ளவத்தைக் கடற்காற்று கீழ் வீடுகளுக்கெல்லாம் பங்குவைத்துக்கொண்டிருந்தது. கப்பலில் சமையல்காரனாக இருந்த புருஷன் நபீஸ் ஜமைக்காப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த ஒரே உருப்படியான சாமான் இந்தப் பக்குவம்தான். தைம் இலை, ஒல்ஸ்பைஸ், இஞ்சி, உள்ளி, வெங்காயத்தாள், தேசிக்காய்ப் புளி, கொஞ்சம் கருப்பட்டி. அந்த ஊர் மிளகாய்க்கு நம்முடைய நைமிரிஸ் கூடப்பிறந்த தங்கச்சி. மணத்துக்கு அரைக் காய் போதும். ஏழு காய் சமையலில் சேர்த்தியில்லை.

நாலு மாதத்துக்கு முன் அவள் மகள் சஹ்லாவுக்குத் தெஹிவளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சஹ்லாவுக்கு மூன்று வயதில், காய்ச்சலோடு, ஒரேயொரு தடவை வலிப்பு வந்ததுண்டு. நபீஸின் தங்கை பலீலா 'மனசு கேக்கல்ல' என்று போய் மாப்பிள்ளையின் உம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு வந்தாள். முறிந்த சம்பந்தம் வேறெங்கும் போகவில்லை, நேரே பலீலாவின் மகளுக்கே வந்தது. அதையாவது விழுங்கலாம். பெண் பார்க்க வருகிற நாளுக்கு, "மதினி, அந்தக் கப்பல் மீன நீங்கதான் சுட்டுத் தரணும். மகள் செஞ்சதெண்டு சொல்லிக்கொள்றேன்" என்று வந்து கேட்கவும் அவளுக்கு வாய் வந்ததே! பர்ஸானா சிரித்துக்கொண்டே ஓம் என்றதைக் கேட்டு, இரண்டாம் மாடிப் பேச்சியம்மா தேங்காய் துருவுவதையே நிறுத்திவிட்டாளாம்.

சுட்ட மீனை நாலாம் மாடியிலிருந்த பலீலாவின் வீட்டுக்கு எடுத்துப்போனாள். வாசலில் தட்டை வாங்கிய பலீலா குனிந்து ஒருமுறை முகர்ந்தாள். பிறகு பர்ஸானாவின் முகத்தைப் பார்த்தாள். "நல்ல வாசம், மதினி," என்றாள். அவ்வளவுதான்.

பெண்களுக்குத் தனியாக சஹன் வைத்திருந்தது. ஒரே பெரிய தட்டத்தைச் சுற்றி நாலு பேர், அவரவர் பக்கத்துச் சோறு அவரவருக்கு, நடுவில் மீன். மாப்பிள்ளையின் உம்மா, அவருடைய தங்கை, பலீலா, பர்ஸானா. வயிற்றுத் துண்டு விருந்தாளிக்குத்தான் போகும். 'மகள் செஞ்சது' என்ற வார்த்தைக்காகப் பர்ஸானா காத்திருந்தாள். சஹ்லா அழுத அத்தனை நாளுக்கும் இந்த ஒரு வாய்ச் சோறு.

பலீலா தொண்டையைச் செருமினாள். "பொய் சொல்லக்கூடாதே. மீன் மகள் செஞ்சதில்ல. எங்கட பர்ஸானா மதினிட கை."

மாப்பிள்ளையின் உம்மாவின் முகம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ்! சஹ்லாவுக்கும் இந்தக் கை ஈக்கா? வலிப்பு கிலிப்புண்டு கேட்டு நாங்களும் சும்மா பயந்திட்டோம். டொக்டர் ஒராள்ட்ட கேட்டா சிரிக்கிறாரு. எங்கட சின்ன மகனுக்கும் பாக்கிறோம்..." என்றபடியே அவருடைய விரல்கள் நூலை அவிழ்த்து வயிற்றுக்குள் போயின.

பர்ஸானாவின் கை பாய்ந்தது. சஹனில் அடுத்தவர் விரலுக்கடியிலிருந்து பிடுங்குகிற வழக்கம் எந்தச் சண்டியனுக்கும் கிடையாது. "வகுத்துல முள்ளு கூட. நீங்க முதுகத் தின்னுங்கோ," என்று வயிற்றுப்பக்கம் முழுவதையும் தன் சோற்றுக்கு இழுத்துக்கொண்டாள். எல்லாரும் பார்த்தார்கள். இழுத்ததைத் தின்னாமல் வைக்க முடியாது.

முதல் வாயில் காது அடைத்தது. இரண்டாவதில் கண்ணும் மூக்கும் ஒன்றாகத் திறந்துகொண்டன.

"மகள்ட கதை எடுத்ததும் அழுறா, பாவம்," என்று மாப்பிள்ளையின் உம்மா தங்கையிடம் சொன்னார். "தாய் மனசு."

"மதினி, நல்லாத் தின்னுங்கோ," என்றாள் பலீலா. தண்ணீர் ஜக் அவள் கையில்தான் இருந்தது.

கீழே கரையோர ரயில் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, ஜக்கில் தண்ணீரும் அதிர்ந்தது. பர்ஸானாவின் கிளாஸ் காலியாகவே இருந்தது. சோற்றின் மேல் வயிற்றுத் துண்டு இன்னும் பாதி கிடந்தது. அவள் விரல்கள் திரும்பவும் அதை நோக்கிப் போயின.