ரயிலை முந்திய கதிர்

மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலுக்குக் கம்பியில்லா இணைப்புத் தரும் தம் கண்டுபிடிப்பைப் பேராசிரியர் ஜெயப்பிரகாஷ் கடலூர்–சிதம்பரம் பாதையில் சோதிக்கத் தீர்மானித்தார். அப்பாதையில் அத்தகைய ரயில் ஓடுவதில்லை என்பதை அவர் ஒரு குறையாகக் கருதவில்லை. பாதையோரக் கோபுரங்களிலிருந்து ‘பீம்’ எனப்படும் ஊசிபோல் மெலிந்த சைகைக் கதிர் ஒன்று, அந்த வேகத்தில் ரயில் எங்கே இருக்கும் என்று தானே கணக்கிட்டுத் தொடர்ந்து செல்லும். ரயிலைக் கேட்க வேண்டியதில்லை.

கேட்டுவிடுவது நல்லது என்று அவருடைய ஆய்வு மாணவி அனுப்பிரியா தன் ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயம் எழுதியிருந்தாள். ரயில் தன் இருப்பிடத்தை அவ்வப்போது தெரிவிக்க வேண்டும். அது நின்றால் கதிரும் நிற்க வேண்டும் என்பதே அதன் சாரம். பேராசிரியர் அதை நீக்கச் சொன்னார். ஒப்புதல் பெற்ற விண்ணப்பத்தில் ரயில் நிற்பதாக எங்கும் குறிப்பிடப்படவில்லையாம். அந்த அத்தியாயம் இல்லையேல் அவளுக்குப் பட்டம் இல்லை. ஆய்வேட்டை அளிக்க எஞ்சியிருந்தவை ஒன்பது நாட்கள்.

இத்தனைக்கும், பேராசிரியர் கடலூர் அலுவலகத்திலிருந்து அண்ணாமலை நகர் வீட்டுக்குப் பதினோரு ஆண்டுகளாகத் திரும்புவது அதே பாதையின் பாசஞ்சர் ரயிலில்தான். எதிர்வண்டிக்காக அது ஆலப்பாக்கத்தில் நிற்கும்போதெல்லாம் இறங்கித் தேநீர் அருந்துபவரும் அவரே.

சோதனையன்று மதிப்பீட்டுக் குழுவினர் மூவருடன் அவர் அந்த ரயிலில் அமர்ந்தார். அனுப்பிரியா கடலூர்க் கட்டுப்பாட்டு அறையில் இருந்தாள். ரயில் புறப்பட்டது, கதிரும் புறப்பட்டது. முதல் நிமிடத்திலேயே பெட்டியிலிருந்த திரையில் கதிர்வழி வந்த படம் உறைந்தது. ஆலப்பாக்கத்தில் வண்டி வழக்கம்போல் நின்றதும், பேராசிரியர் அவளைக் கைப்பேசியில் அழைத்தார். அது எவ்வித ஆராய்ச்சியுமின்றி வேலை செய்தது.

“பீம் எங்கம்மா இருக்குது?”

“சிதம்பரம் போய்ச் சேந்து கால் மணி நேரம் ஆவுது சார்.”

“ரயில் இன்னும் ஆலப்பாக்கத்துலதான நிக்குது.”

“பீமுக்கு அது தெரியாது சார். தெரிய வேணாம்னு நீங்கதான சொன்னீங்க.”

குழுத் தலைவர் ஸ்ரீமதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேராசிரியர் குரலைத் தாழ்த்தி, ஏதாவது செய்ய இயலுமா என்று வினவினார். இயலும் என்றாள் அனுப்பிரியா: அவர் தம் இருப்பிடத்தைக் கைப்பேசியிலிருந்து தொடர்ந்து அனுப்பினால், கதிரைத் திருப்பி, சற்று அகலமாக்கி, ரயிலோடு நடத்தி வரலாம்.

“அது நாலாவது சாப்டர் ஆச்சேம்மா.”

“ஆமா சார். சேத்துக்கலாம்னு ஒரு மெயில் போட்டுட்டீங்கன்னா ஒடனே திருப்பிடுறேன்.”

எதிர்வண்டி கடந்து சென்றது. பேராசிரியர், நிறுத்தற்குறி ஒன்றுகூட இல்லாத மின்னஞ்சல் ஒன்றையும் தம் இருப்பிடத்தையும் அனுப்பினார். அனுப்பிரியா மின்னஞ்சலை அச்செடுத்து, மடித்துக் கைப்பையில் வைத்த பிறகே கதிரைத் திருப்பினாள். புதுச்சத்திரம் வருமுன் திரையில் படம் அசைந்தது.

சிதம்பரத்தில் இறங்கியபோது, ரயில் நிற்கக்கூடும் என்பதைத் தாம் முன்கூட்டியே உணர்ந்த விதத்தைப் பேராசிரியர் குழுவினருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அது எழுத்தில் எங்கேனும் இருக்கிறதா என்று ஸ்ரீமதி கேட்டார். நான்காம் அத்தியாயத்தில் விரிவாக இருப்பதாக, சிறிதும் கூச்சமின்றி, பேராசிரியரே சொன்னார்.