விலாசம் மாறிப் போன வேண்டுதல்

லேப் அக்காவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இதை அவள் வலியப் போய் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் மறைத்ததும் இல்லை. ஊருக்கெல்லாம் சொல்லி வைத்தது அவள் நாத்தனார்தான். "என் தம்பி பொண்டாட்டி தங்கமானவ, ஆனா ஆண்டவன் கிடையாது" என்பாள், ஏதோ ஒரு காது கேட்காது என்று சொல்கிற தொனியில்.

இதனால் லேப் அக்காவுக்கு ஒரு தொல்லை இருந்தது. பிரார்த்தனைக் கூடத்துக்குப் போகிறவர் வரிசையில் முந்தினால், பாவம், என்ன அவசரமோ என்பார்கள். அவள் முந்தினால், பயமில்லாத பிறவி வேறென்ன செய்யும் என்பார்கள். ஆகவே கல்யாணமாகி வந்த பதினோரு வருடமாக அவள் எந்த வரிசையிலும் முந்தவில்லை. இரவல் வாங்கிய குடையை மழை விட்ட உடனே திருப்பிக் கொடுத்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாருக்கு முகம் சுளிக்காமல் மூன்று வருடம் துடைத்துவிட்டாள். நாலு பக்தர்களுக்குப் போதுமான ஒழுக்கத்தை ஒண்டியாகத் தூக்கிச் சுமந்தாள். நல்லவளாக இருப்பது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அவள் வீட்டுக்காரரைப் பாருங்கள், வாரத்துக்கு ஒரு தடவை கூடத்துக்குப் போய், தன் அக்காவான நாத்தனார் கண்ணில் பட்டு, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் நன்றாகத் தூங்கிவிட்டு வந்தால் அந்த வாரத்துக்கு அவர் நல்லவர். லேப் அக்காவுக்கு அந்த வசதி இல்லை.

அவள் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேப் மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறை. முன்னறையில் ரத்தம் எடுப்பார்கள், பின்னறையில் சோதிப்பார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிரே சலூன். தெருமுனையில் பிரார்த்தனைக் கூடம்.

சலூன்காரரும் நம்பாதவர்தான். ஆனால் அவர் வேறு ஜாதி நம்பாதவர். கூடத்தில் பிரார்த்தனை தொடங்கும் அதே விடுமுறை நாள் காலையில், அதே நேரத்துக்கு, அவர் கடையைத் திறப்பார். ஐந்தாறு பேர் தவறாமல் வருவார்கள், முந்தின நாள்தான் முடி வெட்டிக்கொண்டவர்கள்கூட. பெஞ்சில் வரிசையாக உட்காருவார்கள். சலூன்காரர் கத்தரிக்கோலை ஆட்டியபடி கடவுளைக் கிழிப்பார். போன வாரம் சிரித்த இடத்தில் இந்த வாரமும் சிரிப்பார்கள். தாமதமாக வருகிறவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓரமாக உட்காருவார். "அதுவும் ஒரு கூடம்தான். எங்க கூடத்துல தரையில முடி கிடக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்று நாத்தனார் சொன்னபோது லேப் அக்காவுக்கும் அது சரியென்றே பட்டது.

ஒரு நாள் காலை, லேபிள் அச்சடிக்கும் இயந்திரம் மக்கர் பண்ணிவிட்டது. குழாய்களில் ஒட்டும் சீட்டுகளை லேப் அக்கா கையால் எழுதிக்கொண்டிருந்தாள். வெறும் வயிற்றோடு முதலில் வந்தவர் பூட்டுக்காரர். மனைவியை இழந்தவர், மகள் எங்கோ தூரத்தில், பகலெல்லாம் சாவிகளோடு மட்டும் பேசுகிற சாது. ஊசியைப் பார்த்ததுமே கண்ணை இறுக மூடி வேண்டத் தொடங்கிவிட்டார். அடுத்த நாற்காலியில் காத்திருந்த சலூன்காரருக்கு அது போதாதா?

"ஒரு ஊசிக்கே இவ்வளவு வேண்டினா, ஆபரேஷன்னா ஆண்டவன் நேர்ல வந்து கத்தி எடுத்துக் குடுக்கணும் போல" என்றவர், பூட்டுக்காரர் உதடு துடித்ததை அப்படியே நடித்துக் காட்டினார். லேப் அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பூட்டுக்காரர் போன பிறகு சலூன்காரருக்கு ரத்தம் எடுத்தபோதும் அவர் விடவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே இரண்டு குழாய்களிலும் சீட்டு ஒட்டினாள்.

மாலையில் முடிவு வந்தது. பூட்டுக்காரருக்குச் சர்க்கரை 286. சலூன்காரருக்கு 91.

சலூன்காரர் தன் தாளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில், விலைப்பட்டியலுக்கு மேலே ஒட்டிவைத்தார். வாழ்நாளில் ஒரு தடவையும் கும்பிடாதவனுடைய ரத்தம் இது என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். பூட்டுக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், ஒரு வாரத்தில் மறுபடியும் சோதிக்கச் சொன்னார். பூட்டுக்காரருக்கு மாத்திரை என்றாலும் பயம், ஊசி என்றாலும் பயம். மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே கூடத்துக்கு ஓடினார்.

நாத்தனார் அங்கே எல்லாவற்றுக்கும் தலைவி. ஒலிபெருக்கி அவள் கையில் வந்தால் திரும்பக் கிடைக்காது. மூன்று வாரம், தினமும் மாலை நாற்பது பேர் கூடி, பூட்டுக்காரர் பெயரைச் சொல்லிப் பத்து நிமிடம் வேண்டினார்கள். வேண்டியதோடு நிற்கவில்லை. முறை போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், கீரை கொடுத்தார்கள், சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள், தூங்கினீங்களா, நடந்தீங்களா என்று கேட்டார்கள். மூன்று வாரம் கழித்து அவர் தைரியம் வந்து மறுபடியும் கையை நீட்டினார்.

சர்க்கரை 93.

கூடம் ஆடிப்போயிற்று. அழுதார்கள், கட்டிப்பிடித்தார்கள். நாத்தனார் அன்று மாலையே தம்பி வீட்டுக்கு வந்து, ஒரு மாத்திரைகூட விழுங்காமல் நடந்த அற்புதம் என்று இரண்டு தாள்களையும் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டப் போவதாகவும், அறிவியல் சார்பில் லேப் அக்கா வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்றும் சொன்னாள்.

லேப் அக்காவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. 286 மூன்று வாரத்தில் மாத்திரை இல்லாமல் 93 ஆகாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழலாம். உட்காராத காக்கைக்கு எப்படி விழும்? மறுநாள் காலை முதல் வேலையாகப் பதிவேட்டைப் புரட்டினாள். பூட்டுக்காரரும் சலூன்காரரும் அடுத்தடுத்த எண். இரண்டும் கையெழுத்துச் சீட்டு. இரண்டையும் ஒட்டியது சிரித்துக்கொண்டே. சீட்டு மாறியிருக்கிறது.

உண்மையைச் சொன்னால், முதலில் அவளுக்கு வந்தது குற்ற உணர்ச்சி இல்லை, எரிச்சல். கூடத்துக்கு ஒரு அற்புதத்தைத் தன் கையாலேயே செய்து கொடுத்திருக்கிறாளே! அப்புறம்தான் உறைத்தது, அந்த 286 ஒருவர் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜன்னலைத் திறந்து பார்த்தாள். சலூன்காரர் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, உடனே இன்னொரு சொம்பு நிரப்பினார். வலது கால் கட்டைவிரலில் கட்டு. போன மாதம் கத்தரிக்கோல் விழுந்த காயம், இன்னும் ஆறவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அவர் தினமும் கண்மூடி வேண்டிவிட்டுத்தான் கல்லா மேஜையில் உட்காருவார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். ஏதாவது காரணம் சொல்லி சலூன்காரரை மட்டும் இலவசமாகக் கூப்பிட்டுச் சோதித்துவிடலாம், மற்றதைக் கிளற வேண்டாம் என்றார்.

"ஆண்டவனுக்குப் பெருமை, நம்ம லேபுக்கும் பெருமை. அதை எதுக்கும்மா கெடுக்கணும்?"

அவள் படியிறங்கி சலூனுக்குப் போனாள். யாரும் இல்லாத நேரம். சீட்டு மாறிவிட்டது, தவறு என்னுடையது, உடனே சோதிக்க வேண்டும் என்று நேராகச் சொன்னாள். சலூன்காரர் கண்ணாடி வழியாக அவளையே பார்த்தார்.

"நாத்தனார் உங்களையும் வளைச்சுட்டாங்களா?"

"அண்ணே, விளையாடாதீங்க. காலைப் பாருங்க."

"தாள்ல 91ன்னு எழுதியிருக்கு."

"அந்தத் தாளை எழுதினதே நான்தானே. நான்தானே தப்புன்னு சொல்றேன்."

"எழுதினவங்களே வந்து மறுத்தாலும் எழுதினது எழுதினதுதாம்மா" என்றார் சலூன்காரர். சொன்ன பிறகு அது எங்கோ கேட்ட வசனம் மாதிரி அவருக்கே பட்டிருக்க வேண்டும், முகம் கொஞ்சம் கோணியது. ஆனாலும் கையை நீட்டவில்லை. இரண்டு நாள் போய்க் கெஞ்சினாள். இலவசம் என்றாள், கால் போய்விடும் என்று பயமுறுத்தினாள். கூடத்துக்காரர்கள் நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவார்கள், நீங்கள் காலைக் காட்டுகிறீர்களா என்றார்.

அடுத்த விடுமுறை நாள், லேப் அக்கா பதினோரு வருடத்தில் முதல் முறையாகக் கூடத்துக்குள் நுழைந்தாள். பாட்டு நடுவில் நின்றது. தூணுக்குப் பின்னாலிருந்த வீட்டுக்காரர் விழித்துக்கொண்டு, கனவா என்று பார்த்தார். இதுவே இரண்டாவது அற்புதம் என்று நாத்தனார் அறிவித்து, ஒலிபெருக்கியைத் தானாகவே நீட்டினாள்.

ஏன் வந்தாள் என்று கேட்டால், பூட்டுக்காரர் இல்லாத நோய்க்கு வாழ்நாள் முழுவதும் சாட்சி சொல்லக் கூடாது என்று ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு, அது அவ்வளவு அழகானதல்ல. நம்பாதவள் உண்மையை மூடி மறைத்தாள் என்று நாளைக்கு ஒரு சொல் வந்தால் அவளால் தாங்க முடியாது. நடந்ததைச் சொன்னாள். லேபிள் இயந்திரம், கையெழுத்துச் சீட்டு எல்லாம் சொன்னாள். சிரித்ததையும் சொன்னாள், யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்பதையும். அது சொல்லத்தான் அதிக நேரம் பிடித்தது. பூட்டுக்காரரைப் பார்த்து மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

பூட்டுக்காரர் மெல்ல எழுந்தார்.

"நோய் இல்லைன்னா சந்தோஷப்படணும். எனக்கு என்னமோ பொசுக்குன்னு ஆயிடுச்சு. மூணு வாரம் நாப்பது பேர் என் பேரைச் சொன்னாங்கம்மா. என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பேர் வரல" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "அப்ப அந்த 286 யாரோடது?" என்று கேட்டார்.

அதைச் சொல்ல மாட்டேன், தொழில் தர்மம் என்றாள் லேப் அக்கா. பூட்டுக்காரர் யோசித்தார். "அன்னிக்கு எனக்கு அடுத்து உக்காந்திருந்தது சலூன்காரர்தானே?"

எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். அவள் முகம் முதலில் தொங்கியது. சட்டம் போட ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள். லேப் அக்கா வசவுக்குத் தயாராக நின்றாள். ஆனால் நாத்தனாரின் புத்தி தரையில் கிடக்கிற ரகமில்லை.

"நாம வேண்டினது 286க்குத்தானே? சரியாத்தான் வேண்டியிருக்கோம். விலாசம்தான் மாறிப் போச்சு" என்றாள். "வாங்க, உரியவர்கிட்ட சேர்ப்போம்."

நாற்பது பேரும் எழுந்து தெருவில் நடந்தார்கள். சலூனில் அப்போது எதிர்க்கூடம் நிறைந்திருந்தது. ஒருவருக்குப் பாதிக் கன்னம் மழித்து மீதியில் நுரை. நாத்தனார் வாசலில் உட்கார்ந்தாள், மற்றவர்களும் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். கண்ணை மூடி, சலூன்காரர் பெயரைச் சொல்லி, கால் கட்டைவிரலையும் குறிப்பிட்டு, உரக்க வேண்டத் தொடங்கினார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். நுரைக்காரர் மட்டும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை கடை திறந்தபோதும் வந்துவிட்டார்கள். அதற்கு மறுநாளும். சலூன்காரர் வானொலியை அலற வைத்தார். அவர்கள் சுருதியை ஏற்றினார்கள். தண்ணீர் குடிக்கச் சொம்பை எடுத்தால், "பாவம், தாகம் பாருங்க" என்று எண்பது கண்கள் திறந்தன. லேப் அக்கா மாடியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது. இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொண்டு, எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் சலூன்காரர் மாடிப்படி ஏறி வந்தார். சட்டைக் கை ஏற்கெனவே மடித்துவிடப்பட்டிருந்தது.

"குத்துங்க. எவ்வளவு வேணா எடுத்துக்குங்க. அவங்களை மட்டும் எழுந்து போகச் சொல்லுங்க."

சர்க்கரை 312. டாக்டர் விரலைப் பார்த்துவிட்டு, இன்னும் பத்து நாள் போயிருந்தால் வெட்ட வேண்டி வந்திருக்கும் என்றார்.

முதலாளிக்குக் கோபம் தீரவில்லை. இரண்டு மாதம் லேப் அக்கா ஊசியைத் தொடக் கூடாது, வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து பெயர் எழுதினால் போதும் என்றார். சிலர் அவள் பெயரைக் கேட்டதும் வேறு லேபுக்குப் போனார்கள். அது வலித்தது, ஆனால் நியாயமாகவும் பட்டது. அவளை அதைவிட அதிகமாக அரித்தது வேறொன்று. தனியாகப் போய் உண்மையைச் சொன்னாள், ஒரு மயிரும் அசையவில்லை. நாற்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள், விரல் தப்பித்தது.

நாத்தனாரிடம் மட்டும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. "அண்ணி, அவர் வந்தது உங்க பிரார்த்தனையால இல்ல. நீங்க குடுத்த தொல்லையால."

"ரெண்டும் ஒண்ணுதாண்டி. தனியாப் பண்ணா பிரார்த்தனை, நாப்பது பேர் பண்ணா தொல்லை" என்றாள் நாத்தனார், கொஞ்சமும் அசராமல். பிறகு குரலைத் தணித்து, "உன் இடத்துல நான் இருந்திருந்தா அன்னிக்கு உள்ள வந்து சொல்லியிருப்பேனான்னு தெரியல. வீட்லயே ஆண்டவன்கிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுட்டுப் படுத்திருப்பேன்" என்றாள். கூடத்துக்கு லேப் அக்கா அப்புறம் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

விரல் ஆறியதும் டாக்டர் சலூன்காரரைத் தினமும் காலையில் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். துணைக்குப் பூட்டுக்காரர் வந்து சேர்ந்துகொண்டார். மூன்று வாரம் நடந்து பழகிவிட்டதாம், நிறுத்த முடியவில்லையாம். கடவுள் உண்டா இல்லையா என்று தெருமுனையில் ஆரம்பிப்பார்கள். பூங்காவை ஒரு சுற்று சுற்றினால் அரை மணி நேரம் ஆகிவிடும். அதற்குள் எந்த வழக்குதான் தீர்ந்திருக்கிறது? சாதுவான பூட்டுக்காரர் நடுவழியில் நின்று விரலை நீட்டிக் கத்துவதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு சுற்று, சில நாள் மூன்று சுற்று போகிறார்கள்.