தோட்டத்துப் பக்கம்

ஹெஸ்டர் மறுபடி சுத்தியலை இறக்கியபோது சுவர்க் காரை பெரிய தட்டாகப் பெயர்ந்து, தரையில் விரித்திருந்த பழைய போர்வையில் விழுந்து உடைந்தது. வெள்ளைத் தூசி எழுந்து கட்டில்வரை போனது. கட்டிலில் கிடந்த அவள் கணவன் கில்பர்ட் இருமினான்.

"நிறுத்தாத," என்றான், இருமல் அடங்கியதும்.

சூப் கிண்ணத்தோடு கதவருகே வந்த மார்ஜரி அப்படியே நின்றுவிட்டாள். கில்பர்ட்டின் தங்கை அவள். கணவன் இறந்தபின் இந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள்.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா, ஹெஸ்டர்? பழங்கால வீடுன்னு பட்டியல்ல இருக்கு, ஊர்க் கவுன்சிலைக் கேக்காம இதுல ஒரு ஆணி அடிக்கக் கூடாது. புடிச்சு உள்ள போட்டுருவாங்க."

"என்னைப் போட மாட்டாங்க," என்றான் கில்பர்ட். "நான் இருக்க மாட்டேன். உங்க ரெண்டு பேரைத்தான்."

"நான் என்ன பண்ணேன்?"

"பாத்துக்கிட்டு நிக்கிறியே. அதுவும் குத்தந்தான்."

காலையில் டாக்டர் வந்திருந்தார். நடையில் நின்று, குரலைத் தாழ்த்தி, இன்றோ நாளையோ என்று ஹெஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் உள்ளே வந்து, உனக்கு ஏதாவது வேணுமா என்று கேட்டாள். பாதிரியாரைக் கேட்பான், கனடாவிலிருக்கும் மகனோடு பேசவேண்டும் என்பான் என்று நினைத்தாள். அவன் எதிர்ச்சுவரைக் காட்டினான்.

"அதை ஒடைச்சுப் பாரேன்."

அந்தச் சுவரைப் பற்றிய சண்டை அவர்கள் கல்யாணத்தைவிடச் சற்றே இளையது. தேன் நிறக் கல்லால் கட்டிய வீடு. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது வரிசை பிசகாத ஜன்னல்களும் தூண் வைத்த வாசலும். கில்பர்ட் அதை மதிக்கவே மாட்டான். கம்பளியில் பணம் பார்த்த ஒரு முப்பாட்டன் பக்கத்து ஊர்க்காரன் பொறாமைப்படுவதற்காக முன்னால் ஒட்டவைத்த முகம் அது என்பான். உண்மையான வீடு அதற்குப் பின்னால், இருட்டாக, புகை படிந்த உத்தரங்களோடு இருந்த பழைய கூடம்தான். கூடத்துக்கும் இந்தச் சின்ன அறைக்கும் நடுவே இருந்த சுவரைத் தட்டினால் ஓரிடத்தில் மட்டும் சத்தம் வேறு மாதிரிக் கேட்கும். உள்ளே நெருப்பு மூட்டிக் குளிர்காயும் கணப்பு ஒன்று இருக்கிறது, மனிதன் நின்றுகொண்டே உள்ளே போகலாம், அவ்வளவு பெரியது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வான். ஹெஸ்டர், முதலில் ஒழுகுகிற கூரையைப் பார்ப்போம் என்பாள். ஒரு மழைக்காலம்கூடக் கூரை அவளைப் பொய்யாக்கியதில்லை.

காரைக்குப் பின்னால் கூழாங்கல்லும் களிமண்ணுமாக அடைத்திருந்தார்கள். உளியை நுழைத்து நெம்பியதும் கற்கள் பொலபொலவென்று கழன்று வந்தன. ஹெஸ்டருக்குத் தோள் வலித்தது. மார்ஜரி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள்.

"நீ அடிக்கிற லட்சணத்துக்கு அவன் பாக்காமலே போயிடுவான். குடு இங்க."

அவள் அடித்தாள். ஹெஸ்டர் கற்களை எடுத்து ஓரமாகக் குவித்தாள். இரண்டு கிழவிகளும் மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் மாதிரி ஆனார்கள். கில்பர்ட் தலையணையில் சாய்ந்தபடி அவர்களைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூச்சு மேலோட்டமாகத்தான் போய்வந்தது. ஆனால் அவன் முகத்தில் பல வாரங்களாக இல்லாத ஒரு கலகலப்பு இருந்தது.

"ஏதோ தட்டுப்படுது," என்றாள் மார்ஜரி.

ஹெஸ்டர் கையை உள்ளே விட்டுத் தடவினாள். "செதுக்கின கல்லு. நட்டமா நிக்குது, தூண் மாதிரி. ரெண்டு பக்கமும் இடம் இருக்கு."

"கரி இருக்கா? விரலைப் பாரு."

பார்த்தாள். களிமண்தான் ஒட்டியிருந்தது. "இல்ல, கில்பர்ட்."

மார்ஜரி சுத்தியலைத் தாழ்த்தினாள். இத்தனை வருஷத்து ஆசையை இன்றைக்கென்று பார்த்து உடைத்துவிட்டோமே என்று ஹெஸ்டர் நினைத்தாள். கை மட்டும் தானாகவே தடவிக்கொண்டிருந்தது.

"ஓரத்துல ஒரு பள்ளம் ஓடுது. நேரா, மேலேர்ந்து கீழ. மெல்லிசா ஏதோ சொருகி வெக்கிற அளவுக்கு."

"கண்ணாடிக்கு," என்றான் கில்பர்ட். குரல் திடீரென்று தெளிந்திருந்தது. "கல்லு எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு? மழை பட்டு அரிச்ச மாதிரி எந்தப் பக்கம்?"

அவள் இரண்டு பக்கமும் தடவினாள். கூடத்துப் பக்கம் உளி பட்ட கூர்மை அப்படியே இருந்தது. இந்தப் பக்கம் சொரசொரப்பாக, முனை மழுங்கி இருந்தது.

"நம்ம பக்கம்."

"ஜன்னல்," என்றான். "இது கணப்பே இல்ல. கூடத்தோட ஜன்னல். இந்த அறையெல்லாம் பிற்பாடு கட்டினது, மார்ஜரி. அப்ப இங்க ஒண்ணுமே கெடையாது. புல்லுதான்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "நான் தோட்டத்துல படுத்திருக்கேன்."

"ஆயுசு பூரா கணப்பு கணப்புன்னு எங்க காதை அறுத்தியே," என்றாள் மார்ஜரி.

"தப்பாச் சொல்லிருக்கேன்." அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, மறுபடி சிரிப்பானது. "எவ்வளவு நல்லா இருக்கு பாரு. எல்லாமே தப்பு."

மார்ஜரி அதற்குள் நடை வழியாகச் சுற்றிக் கூடத்துக்குப் போய்விட்டாள். அந்தப் பக்கம் சுவரை மூடியிருந்த மரப்பலகைகளில் ஒன்று ஈரத்தில் எப்போதோ கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதை இழுத்தெடுக்கும் சத்தம் கேட்டது. மிச்சக் கற்கள் உள்ளே சரிந்தன. கல்தூணுக்கு அப்பால், கூடத்து வெளிச்சத்தில், புருவமெல்லாம் வெள்ளையாக அவள் முகம் தெரிந்தது.

"சௌக்கியமா?" என்றாள்.

"உள்ள யாருங்க?" என்றான் கில்பர்ட். "வழிப்போக்கன். கொஞ்சம் டீ கெடைக்குமா?"

"இந்த வீட்டுல ஓசி டீ கெடையாது." சொல்லிவிட்டுத் தண்ணீர் கொதிக்கவைக்கப் போனாள்.

ஹெஸ்டர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தூசி படிந்த அவள் கையை அவன் பிடித்துக்கொண்டான்.

"கூரையை முதல்ல பாத்தது சரிதான்," என்றான். "இல்லேன்னா இதை எப்பவோ பாத்திருப்போம். இன்னிக்கு என்ன செஞ்சிருப்போம்?"

"தூங்கு கொஞ்சம்."

"புல்லு ஈரமா இருக்கா?"

"இல்ல. காஞ்சிருக்கு."

அவன் கண்ணை மூடினான். வெளியே காகங்கள் எல்ம் மரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. மூச்சு ஒன்று வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அதற்குப் பிறகு ஹெஸ்டர் காத்திருந்தாள். கையை எடுக்கவில்லை.

புது ஜன்னல் வழியாகத் தட்டின் ஓசை கேட்டது. மார்ஜரி ஒரு கோப்பையை விளிம்புக் கல்மேல் வைத்தாள்.

"அவனுக்கும் ஊத்தவா?"

"வேண்டாம்," என்றாள் ஹெஸ்டர். "உன்னோடதை எடுத்துக்கிட்டு இங்க வா."

மார்ஜரி அந்தப் பக்கத்திலிருந்தே சற்று நேரம் பார்த்தாள். பிறகு அவள் செருப்புச் சத்தம் நடையைச் சுற்றி வந்தது. அண்ணனின் நெற்றியைத் தொட்டாள். போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். சுவரோரக் கற்குவியலின்மேல், வேறு இடமே இல்லாததுபோல, உட்கார்ந்துகொண்டாள்.

"கவுன்சில்காரன் கேட்டா," என்றாள், "தானா விழுந்துடுச்சுன்னு சொல்லிடலாம்."

"சொல்லிடலாம்."

கூடத்திலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. நெற்றியில் கிடந்த அவன் நரைமுடி லேசாக அசைந்தது. ஹெஸ்டர் தன் கம்பளிச் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் காற்றின் பக்கமாகத் திருப்பி, விளிம்புக் கல்மேலிருந்த கோப்பையை எடுத்தாள்.