கௌதம் சொல்லாத செய்தி

மமதா அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஜூன் மாதம்தான் வந்து சேர்ந்தாள். சமூக அறிவியல் டீச்சர். காலேஜில் நாடகக் குழுவில் இருந்தவள் என்று தெரிந்ததும், சனிக்கிழமை கடைசி இரண்டு பீரியடுகளுக்கு ஒன்பதாம் வகுப்பை அவளிடம் விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை ஒரு பயிற்சி கொடுத்தாள். ஒருவர் வீட்டில் காத்திருக்க வேண்டும். இன்னொருவர் வெளியிலிருந்து ஒரு செய்தியோடு வர வேண்டும். "செய்தி என்ன வேணா இருக்கலாம். கேக்கறவங்க முகம் மாறணும், அவ்வளவுதான்" என்றாள். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதுதான் வாசல் என்றாள்.

முதலில் வந்த ஏனோக், பங்காரப்பேட்டையில் ரயிலைத் தவறவிட்ட மாமாவாக வந்து எல்லோரையும் சிரிக்க வைத்தான். அடுத்த ஜோடியில் குக்கர் வெடித்தது. அதற்கும் சிரிப்பு. வருகைப் பதிவேட்டு வரிசைப்படி அடுத்து வந்தது கௌதமும் இந்துவும்.

இந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கௌதம் கோட்டுக்கு வெளியே நின்றான். நின்றுகொண்டே இருந்தான். வகுப்பில் சிரிப்பு நின்றது.

"இன்னா கௌதம், உள்ள போ" என்றாள் மமதா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். முன் பெஞ்சில் இருந்த ராதிகா எழுந்து வந்து மமதாவின் காதோடு சொன்னாள்: "மிஸ், இந்துவோட அப்பா பிப்ரவரியில செத்துட்டாரு. பெங்களூரு பட்டறையில, நெஞ்சு வலி. அன்னைக்கு அவளை வீட்டுக்குக் கூட்டிகினு போனது கௌதம்தான்."

"போதும். ரெண்டு பேரும் போய் உக்காருங்க" என்றாள் மமதா.

"வேணாம் மிஸ்" என்றாள் இந்து. நாற்காலியை விட்டு அசையவில்லை. "அவன் வரட்டும்."

"இந்து..."

"வந்து சொல்லட்டும் மிஸ். அன்னைக்கு யாருமே எங்கிட்ட சொல்லல."

நிறுத்தியிருக்க வேண்டும் என்று பின்னால் பல தடவை மமதா நினைத்தாள். அப்போது கோட்டை விட்டு விலகி நின்றாள்.

கௌதம் கோட்டைத் தாண்டினான். அவன் நடிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"எங்கப்பாதான் பட்டறையிலருந்து ஃபோன் பண்ணாரு" என்றான். "ஆபீஸ் ரூம்ல என்னைக் கூப்ட்டு, உன்னைக் கூட்டிகினு போகச் சொன்னாங்க. ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னாங்க."

"அதான் பாலகாட்ல எங்க வீடு வரைக்கும் கிரிக்கெட் பேசிகினு வந்தியா?"

"வேற இன்னா பேசறதுன்னு தெரியல."

"நான் வழியெல்லாம் சிரிச்சேன்டா." இந்து அவனை நேராகப் பார்த்தாள். "எங்க லைன் வீடுங்க முன்னாடியெல்லாம் ஜனம் நிக்குது. நான் சிரிச்சிகினே போய் நின்னேன். எங்கம்மா என்னைப் பாத்தாங்க."

கௌதம் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தான். வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். "இந்து. உங்கப்பா செத்துட்டாரு. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு. எங்கப்பா கூடவே இருந்தாரு. தனியா இல்ல."

இந்து கையால் முகத்தை மூடிக்கொண்டாள். மமதா போய் அவள் பக்கத்தில் நின்றாள். மணி அடித்தும் யாரும் பையை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை இந்துவின் அம்மா சாரதா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று மமதா தயாராக நின்றாள். சாரதா வராந்தாவில் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்ல வேணாம்னு சொன்னது நான்தான் டீச்சர்" என்றாள். "வழியில அழுதுகினு வருவாளே, ரோட்ல விழுந்துடுவாளேன்னு. அது தப்புங்களா?"

"எனக்குத் தெரியலம்மா. இந்தப் பயிற்சியைக் கொடுக்கறதுக்கு முன்னால நான் விசாரிச்சிருக்கணும். அது என் தப்பு."

சாரதா அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. "இந்து எங்கிட்ட கேட்டா. ஏன்மா சிரிக்க வுட்டீங்கன்னு கேட்டா. ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம். அவர் போனதுலருந்து அவ எம்முன்னால அழுததே இல்ல டீச்சர்." போகும்போது திரும்பி, "நாடகத்துலருந்து அவளை நிறுத்திடாதீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஜோடியைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று மமதா விட்டுவிட்டாள். வேண்டாம் என்றால் காரணம் கேட்கமாட்டேன் என்றும் சொன்னாள். கௌதம் எந்தப் பயிற்சிக்கும் எழுந்திருக்காமல் கடைசி பெஞ்சிலேயே இருந்தான். இந்துவும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, ராதிகாவோடு சேர்ந்துகொண்டாள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நடக்க, இன்னொருவர் பின்னாலிருந்து தோளைத் தொட்டு வழிநடத்தும் பயிற்சி. ராதிகா காய்ச்சலில் வரவில்லை. இந்து கொஞ்ச நேரம் தனியாக நின்றாள். பிறகு கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

"எழுந்திரு" என்றாள் கௌதமிடம். அவன் எழுந்ததும் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டாள்.