அத்தை அறையில் ஒரே ஒரு பிளக்

கம்பெனி ஆபீஸைக் காலி செய்துவிட்டது. இரவு ஷிஃப்ட் ஆட்கள் இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு ஆபீஸாவது வீடாவது, வேலை இருந்தால் சரி. ஆனால் நிபந்தனை வைத்தார்கள். கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை, வேறு ஆள் இருக்கக் கூடாது. அறுந்துபோகாத இணையம் வேண்டும், மொபைல் டேட்டா ஆகாது. வியாழக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் லைனைச் சோதிப்பார்கள். தேறாதவன் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம்.

நான் அக்கா வீட்டில் இருக்கிறேன். என் அறை பிற்பாடு கட்டிச் சேர்த்தது, வீட்டுக்கே கடைசி. ரவுட்டர் ஹாலில் டிவிக்குக் கீழே. நடுவில் இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ. என் அறை வாசலைத் தாண்டினால் வைஃபை செத்துவிடும்.

கேபிள் இழுத்தால் தீர்ந்தது. அக்கா வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். மாமா கோபப்பட மாட்டார், சட்டம் போடுவார்.

"சுவத்துல ஓட்டையா? இப்பத்தான் பெயின்ட் அடிச்சிருக்கு. ஆணி அடிக்கவே நான் யாரையும் விடறதில்ல."

"சரி, தரையில போட்டுக்கறேன் மாமா. சுவரோரமா."

"எங்கம்மா அயர்ன் பாக்ஸ் வயர் தடுக்கி விழுந்தது மறந்துபோச்சா? எத்தன நாள் படுக்கை! தூக்கித் தூக்கி உட்கார வெச்சது யாரு?"

"நான்தான் மாமா."

"அப்ப உனக்கே தெரியுமில்ல."

பேச்சு முடிந்தது. அவர் டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

கேபிள் இல்லாமல் சிக்னலைக் கடத்த ஒரு பூஸ்டர் வாங்கி வந்தேன். உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி, நேராகப் பிளக்கில் சொருகுவது. என் அறையில் சொருகினேன். கம்ப்யூட்டரில் சிக்னல் கோடுகள் முழுசாக எழுந்து நின்றன. ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. கழற்றி மாட்டினேன், அணைத்துப் போட்டேன், பெட்டியை இரண்டு தட்டு தட்டினேன். பகல் தூக்கம் போனதுதான் மிச்சம்.

கம்ப்யூட்டரைக் கையில் ஏந்திக்கொண்டு வீடு முழுக்க நடந்த பிறகுதான் மண்டையில் ஏறியது. பூஸ்டர் தானாக எதையும் உண்டாக்காது. தன் காதில் விழுந்ததைத் திரும்பச் சொல்லும், அவ்வளவுதான். ஒன்றுமே கேட்காத இடத்தில் அதை உட்கார வைத்துவிட்டு நான் அதை அடித்துக்கொண்டிருந்தேன். அது நடுவழியில் இருக்க வேண்டும்.

நடுவழியில் சமையலறை. பூஸ்டரை மிக்ஸி பிளக்கில் வைத்தேன். நன்றாக ஓடியது. அக்கா பக்கத்திலிருந்த மைக்ரோவேவைப் போட்டதும் படுத்துக்கொண்டது.

"அக்கா, அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் பிளக்க ஒரு மணி நேரம் குடேன்."

"தாராளமா எடுத்துக்க. பால் திரிஞ்சா உன் தலையிலதான் ஊத்துவேன்."

மிச்சமிருந்தது அத்தையின், அதாவது மாமாவுடைய அம்மாவின் அறை. அங்கே ஒரே ஒரு பிளக். அதில் அத்தையின் டேபிள் ஃபேன். மல்டி பிளக் ஒன்று புகைந்து மெத்தை ஓரம் கருகியதிலிருந்து அதற்கும் மாமா தடை போட்டுவிட்டார்.

அத்தை கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் பகலில் தூங்குவதால் எனக்கு அவர் வைத்த பெயர் ஆந்தை.

"என்ன, ஆந்தை பகல்ல முழிச்சிருக்கு?"

விஷயத்தைச் சொன்னேன்.

"என் ஃபேனப் புடுங்கிட்டு அந்த டப்பாவ மாட்டணும். நான் இங்க வேகணும். அதானே?"

"ஒரு மணி நேரம் அத்தை."

"ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரம்தான். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் கத்துவேன். உன் ஆபீஸ்காரங்க காதுல விழும்."

வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அறையை விட்டு வெளியே வருகிறவர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வர வேண்டும். விட்டுவிட்டால் மாமா கூப்பிட்டு, திரும்ப நடக்க வைத்து, அணைக்கச் சொல்வார். வியாழக்கிழமை மதியம் நான் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். அத்தை அறை சுவிட்சில் யாரும் கை வைக்கக் கூடாது. மாமாவிடம் இரண்டு முறை சொன்னேன்.

"நான் என்ன சின்னக் குழந்தையா?" என்றார்.

"நீங்கதான் மாமா எனக்கு பயமே."

சோதனை எடுத்தது ஒரு பெண். குரலில் ஏற்ற இறக்கமே கிடையாது. பேசச் சொன்னாள், கேட்கச் சொன்னாள், ஏதேதோ கோப்புகளை ஏற்றி இறக்கச் சொன்னாள். லைன் நின்றது. பாதியில் ஐந்து நிமிடம் இடைவெளி விட்டாள். அத்தை அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். பூஸ்டரில் எல்லா விளக்கும் பச்சை. அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். நிம்மதியாகத் திரும்பி வந்து கதவைச் சாத்தினேன்.

உட்கார்ந்ததும் திரை உறைந்தது. லைன் போய்விட்டது.

அப்படியே எழுந்து ஓடினேன். அத்தை அறையில் டேபிள் ஃபேன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. பூஸ்டர் கட்டில்மேல் கிடந்தது. நேராக ஹாலுக்குப் போய் மாமாவைப் பிடித்தேன்.

"எத்தன தடவ சொன்னேன்! ஒரு சுவிட்ச சும்மா விட முடியாதா உங்களால? இது என் வேலை மாமா. இதுவும் போச்சுன்னா நான் எங்க போவேன்?"

மாமா காப்பி டம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை. அத்தை கத்தினார்.

"அவன ஏண்டா திட்டற? நீதான அணைச்சிட்டுப் போன?"

"நானா?"

"வந்த, டப்பாவ உத்துப் பாத்த, போறப்ப டக்குனு சுவிட்ச அணைச்ச. வேல முடிஞ்சுதுன்னு நான் ஃபேன மாட்டிக்கிட்டேன். என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

என் கையைப் பார்த்தேன். வீட்டுப் பழக்கம் வீட்டுக்காரரைவிட என்னிடம்தான் ஒட்டியிருந்தது. மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல பழக்கம்" என்றார். அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் தோள் குலுங்கியது தெரிந்தது.

பூஸ்டரை மாட்டிவிட்டுச் சோதனைக்காரிக்கு போன் செய்தேன்.

"காரணம் சொல்லுங்க. மின்தடையா, வீட்ல யாராவது குறுக்கிட்டாங்களா?"

மின்தடை என்றால் மாற்று மின்சாரம் எங்கே என்பாள். குறுக்கீடு என்றால் தனி அறை எங்கே என்பாள். இரண்டுக்கும் வேலை போகும். பொய்க்கு இடமில்லாததால் உண்மையைச் சொன்னேன்.

"நான்தான் அணைச்சேன் மேடம்."

"ஏன்?"

"கை தானா போயிடுச்சு."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "பயனர் தவறுன்னு போட்டுக்கறேன். லைன் வந்ததும் மிச்சத்தை முடிச்சிடலாம்."

முடித்தாள். தேறிவிட்டேன். இன்று இரவே ஷிஃப்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லித் துண்டித்தாள்.

அத்தையிடம் போய்ச் சொன்னேன்.

"சந்தோஷம். ஃபேனப் போடு."

"இப்ப போடறேன் அத்தை. ஆனா ராத்திரி பத்து மணிக்குத் திரும்ப டப்பா வேணும். காலைல ஆறு வரைக்கும்."

"இன்னிக்கா?"

"தினமும்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்தார், பூஸ்டரைத் தானே பிடுங்கி என் கையில் வைத்தார். சூடாக இருந்தது. ஃபேனை மாட்டி, முகத்துக்கு நேரே திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார்.

"நானும் ராத்திரி தூங்கணும்டா. நான் ஆந்தை இல்ல."

அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

கம்ப்யூட்டரைத் திரும்பக் கையில் ஏந்திக்கொண்டு கிளம்பினேன். சிக்னல் இருக்கும், கதவு இருக்கும், ராத்திரியில் யாரும் படுக்காத இடம் வேண்டும். ஹாலில் எங்கள் அண்ணன் வேறு இந்த வாரம் வந்து படுப்பதாக இருந்தது. சமையலறைக்குக் கதவே கிடையாது. ஹாலுக்கு அந்தப் பக்கம், ரவுட்டரை ஒட்டின சுவருக்குப் பின்னால், ஒரே ஒரு இடம் இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தேன். கோடுகள் முழுசாக நின்றன. இந்தத் தடவை பக்கங்களும் திறந்தன. வாஷிங் மெஷினுக்கான பிளக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"அக்கா," என்று உள்ளிருந்தே கூப்பிட்டேன். "பாத்ரூம்ல நாற்காலி போட்டா கொள்ளுமா?"

வெளியே அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் வாளியை நகர்த்தி வைத்துவிட்டு அகலத்தை அளந்துகொண்டிருந்தேன்.