வலப்பக்கத்து மஞ்சள் முடிச்சுகள்

கொரினின் போர்வையைக் கூடத்தில் விரித்த கணமே வெர்னாவுக்கு வயிறு எரிந்தது.

ஒரிகனின் அந்தப் பல்கலைக்கழக ஊரில் வருஷாவருஷம் மனித மூளையைத் துணியில் தைத்துக் காட்டும் போட்டிக் கண்காட்சி நடக்கும். வெர்னா பகலில் ஸ்கேன் எடுப்பவள், மாலையில் தையல் சங்கத்துக்காரி, முப்பது வருஷமாக ஊசி பிடித்த கை. இந்தத் தடவை எட்டு மாதம் உட்கார்ந்து சிறுமூளையைக் கிளை கிளையாகப் பின்னியிருந்தாள். முதல் பரிசான நீல ரிப்பன் தனக்குத்தான் என்று மனசுக்குள் மாட்டியும் வைத்துவிட்டாள்.

கொரினோ மூளை ஆராய்ச்சியாளர். படிப்பு, பதவி எல்லாம் போதாதென்று மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊசியையும் எடுத்தாள். நல்ல சிநேகிதி வேறு, அதுதான் இன்னும் எரிச்சல். அவள் போர்வையில் மூளை மடிப்புகள் சாம்பல் பட்டில் புடைத்து நின்றன. பேசும்போது விழிக்கும் பகுதி மட்டும் மஞ்சள் நூல் முடிச்சுகளாக மின்னியது. நடுவர்கள் அதை விட்டு நகரவேயில்லை.

வெர்னா குற்றம் தேடினாள், கிடைத்தது. மஞ்சள் வலப்பக்கம் இருந்தது. ஸ்கேன் படத்தில் இடம் வலமாகத் தெரியும்தான். ஆனால் எது வலம் என்று கொரின் போர்வை மூலையில் எழுத்தே தைத்திருந்தாள், அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. பேச்சு இடப்பக்கத்துச் சமாசாரம். சிலருக்கு மாறியிருக்கும் என்பது வெர்னாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், உடற்கூற்றுப் பிழை என்று சீட்டெழுதி, பெயர் போடாமல் ஆட்சேபப் பெட்டியில் போட்டாள். அதை நம்பி நடுவர்கள் கொரினை ஒதுக்கினார்கள். நீல ரிப்பன் சிறுமூளைக்கு வந்தது.

சனிக்கிழமை கண்காட்சித் திறப்பு. கொரின் அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய், துணிகளைத் திருப்பிக் காட்ட நின்ற வெள்ளைக் கையுறைக்காரியிடம் போர்வையின் பின்புறத்தைக் காட்டச் சொன்னாள். நடுவர்கள் பார்க்கக் கூடாதென்று போட்டி முடியும்வரை மூடியிருந்த துணிச்சீட்டு இப்போது திறந்திருந்தது: ‘வெர்னாவின் மூளை. அறுபதாவது பிறந்தநாளுக்கு.’

“போன வருஷம் எங்க சோதனைக்குப் படுத்து வார்த்தை வார்த்தையா சொன்னியே, அந்த ஸ்கேன்தான். எங்க பிரதியை வெளியே எடுக்கக் கூடாது, அதான் உனக்குக் குடுத்த டிஸ்க்கை உன் வீட்டுக்காரர்கிட்ட கேட்டு வாங்கினேன்,” என்றாள் கொரின். “நீ இடதுகைக்காரி, உனக்குப் பேச்சு வலப்பக்கம் இருக்கு. எவளோ அரைகுறை அதைப் போய் பிழைன்னு எழுதிட்டா.”

வெர்னாவுக்கு முகம் சுண்டிப்போனது. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

“அந்த அரைகுறை நான்தான்டி.”

கொரின் பிடித்திருந்த கையை விட்டாள்.

“ஏன்?”

“என்னோடதைவிட நல்லா இருந்துச்சு. தாங்க முடியல.”

“இப்போ? உன் மூளைதான்னு தெரிஞ்ச பிறகு?”

கையுறைக்காரி போர்வையை மறுபடி முன்பக்கம் திருப்பினாள். வெர்னா ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்தாள். அவள் தலைக்குள் இருந்ததுதான். முப்பது வருஷத்தில் அவள் கை இப்படி ஒன்றைத் தைத்ததில்லை.

“இப்பவும் எரியுது,” என்றாள்.